ஒத்தைக் குண்டு அத்தையின் துப்பாக்கி

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன். சத்தம் போடாம வாங்க."

வீட்டில் இவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ஆனாலும் மருமகள் கிசுகிசுத்தாள். காரணம், அவள் நின்றிருந்தது மாமியாரின் அறையில். எதிர்ச் சுவரில், இரண்டு கொக்கிகளின்மேல், மாமியாரின் வேட்டைத் துப்பாக்கி.

வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன?"

"அந்தக் குழலைப் பாருங்க."

கறுப்புக் குழலின் நடுவில், உள்ளங்கை நீளத்துக்குச் செங்கல் நிறத்தில் துரு படர்ந்திருந்தது.

"முந்தாநாள் நான்தாங்க ஈரத்துணியால துடைச்சேன்."

"துடைக்கும்போது பார்க்கலையா?"

"பயத்துல கண்ணை மூடிக்கிட்டுத் துடைச்சேன்."

பயப்படுவதில் நியாயம் இருந்தது. வயல்களில் இறங்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அரசாங்க அனுமதி பெற்றவர்களில் ஒரே பெண் அவள் மாமியார். வேட்டைச் சங்கத்தில் அவருக்கு 'ஒத்தைக் குண்டு' என்று பெயர். இரண்டாவது குண்டு தேவைப்பட்டதே இல்லையாம். மருமகளோ அழகு நிலையத்தில் தலைமுடிக்குச் சாயம் பூசுபவள். கல்யாணமான மறுநாளே, "சீப்பைத் தவிர வேற ஆயுதம் புடிச்சிருக்கியா?" என்று மாமியார் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருந்தது. இப்போது மூன்று வாரமாக மாமியார் தன் அக்கா வீட்டில். எப்போது வருவாரென்று தெரியாது.

"தோட்டா இருக்குமோ?"

"அதெல்லாம் இரும்புப் பெட்டியில பூட்டி, சாவியைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது வெறும் குழாய்." சொன்னவன் துப்பாக்கியின் பின்பக்கமாகவே நின்றான். பிறந்ததிலிருந்து அம்மாவின் துப்பாக்கியோடு ஒரே வீட்டில் வளர்ந்தும், எந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்பதைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது.

மருமகள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து வந்தாள். நாலு தேய்ப்பில் துரு போயே போய்விட்டது. நிம்மதிப் பெருமூச்சு விட்டு ஜன்னல் பக்கம் திருப்பினாள். துருவோடு கறுப்பும் போயிருந்தது. துரு இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு.

"வழுக்கை விழுந்த மாதிரி இருக்கு" என்றான் கணவன்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

சும்மா இருக்காமல் ஒரு யோசனை சொன்னான். அவன் அலுவலகத்தில் அட்டைப் பெட்டிகளில் எழுதும் தடித்த கறுப்புப் பேனா. தண்ணீர் பட்டாலும் அழியாது. பூசிப் பார்த்தார்கள். அறைக்குள் கறுப்பாகத்தான் இருந்தது. வெயில் பட்டதும் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தொட்டுப் பேனா மையை அழித்தாள். திட்டு மறுபடியும் பல்லைக் காட்டியது. ஒரு இடம் மட்டும் வெள்ளையாக இருந்தால்தானே வித்தியாசம் தெரியும்? கணவன் பிடித்துக்கொள்ள, உப்புத்தாளால் குழல் முழுவதையும் தேய்த்தாள். விசையைச் சுற்றியிருந்த வளையத்தையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. முடிவில் துப்பாக்கி புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது.

கணவன் அதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டான். "இதைத் தூக்கிட்டு அம்மா காட்டுக்குப் போனா, பன்னி முதல்ல தன் மூஞ்சியைப் பார்த்துட்டு, அப்புறமா அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும்."

மருமகளுக்கு அழுகை வந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இவள் உடைத்திருப்பதோ மாமியாரின் உயிர்.

மறுநாள் வேலை முடிந்ததும் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் கடைக்காரர் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"யாரும்மா இந்தக் கொலையைப் பண்ணினது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள்.

"பட்டறையில குடுத்தா ஆறு மாசம் ஆகும். அவசரம்னா இந்தத் திரவத்தைப் பூசிப் பாருங்க. இரும்பு கறுத்துடும். ஆனா கை பழகணும்."

வீட்டுக்கு வந்ததும் பூசினாள். இரும்பு கறுக்கத்தான் செய்தது, தனக்குப் பிடித்த இடங்களில் மட்டும். மற்ற இடங்களில் சாம்பல், பழுப்பு, நடுநடுவே விரல் தடங்கள். துப்பாக்கிக்குச் சிறுத்தைத் தோல் போர்த்தியதுபோல் இருந்தது.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

"நாளைக்குச் சாயங்காலம் வரேன்" என்றார் மாமியார். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. "வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலையே அத்தை."

"சரி. பின்வாசல் கதவைத் திறந்து வை."

கணவன் உடனே முடிவெடுத்தான். "நான் நாளைக்கு ஆபீஸ்ல கொஞ்சம் லேட்டா இருக்கேன்."

"நாளைக்கு நீங்க லீவு" என்றாள் மருமகள்.

காலையில் அழகு நிலையத்துக்குக் கால்கள் தாமாக நடந்து போயின. முதல் நாற்காலியில் ஒரு அம்மாள், எண்ணெய் வழியும் தலையோடு உட்கார்ந்திருந்தார். "போன தடவை சாயம் சரியாவே பிடிக்கல, திட்டுத் திட்டா வந்துச்சு" என்று புகார் வேறு.

"எண்ணெய்த் தலையில பூசினா எப்படிம்மா பிடிக்கும்? முதல்ல எண்ணெய்ப் பசை போகணும், தலை காயணும், அப்புறம் ஒரே சீரா..."

மருமகள் பாதியில் நிறுத்தினாள். சீப்பு கையிலிருந்து விழுந்தது.

"அக்கா! இவங்களை நீங்க பார்த்துக்கோங்க!" என்று முதலாளியம்மாவிடம் கத்திவிட்டு, கையுறை, பஞ்சு, முடி உலர்த்தும் கருவி, நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒரு பாட்டில், எல்லாவற்றையும் பையில் வாரிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

பிறகு நடந்ததைக் கணவன் பக்கத்திலிருந்து பார்த்தான். துப்பாக்கி என்று நினைத்தவரை தடுமாறிய அவள் கை, தலைமுடி என்று நினைத்ததும் நிதானத்துக்கு வந்துவிட்டது. மெல்லிய உப்புத்தாளால் குழலின் நீளவாக்கிலேயே தேய்த்துச் சிறுத்தைப் புள்ளிகளைப் போக்கினாள். எண்ணெய்ப் பசை போக, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் துணியை நனைத்து, துணி அழுக்காகாமல் திரும்பும்வரை துடைத்தாள்.

"விரலை வைக்காதீங்க! உங்க கையில எண்ணெய்!"

"நான் கையைக் கழுவிட்டேனே!"

"கழுவினாலும்தான்!"

முடி உலர்த்தும் கருவியால் இரும்பை இதமாகச் சூடாக்கினாள். பஞ்சில் கடைக்காரர் கொடுத்த கறுப்புத் திரவம் தொட்டு, வகிடு எடுத்துச் சாயம் பூசுவதுபோல், நுனியிலிருந்து அடிவரை நிற்காமல் ஒரே இழுப்பு. கழுவினாள், உலர்த்தினாள், மெல்லிய கம்பி நாரால் வருடினாள், மறுபடி பூசினாள். முதல் பூச்சில் புகை நிறம். அடுத்ததில் மழைமேகம். அதற்கடுத்ததில் இரும்புக்குள்ளிருந்தே ஒரு கருநீலம் எழுந்து வந்தது. திருகாணிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே நிறத்துக்குக் கொண்டுவந்து மாட்டினாள். கடைசியாக எண்ணெய் பூசித் துடைத்தபோது, குழல் காக்கைக் கழுத்துபோல் பளபளத்தது.

"அடியே" என்றான் கணவன் தழுதழுத்து. "என் தலையை நீ இவ்வளவு அக்கறையாத் தொட்டதே இல்லையே."

கொக்கியில் மாட்டவும், பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

மாமியார் யாரையும் பார்க்காமல் நேராகத் தன் அறைக்குப் போனார். மருமகள் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள். மாமியார் துப்பாக்கியைப் பார்த்தார். கொக்கியிலிருந்து எடுத்தார், ஜன்னலுக்குக் கொண்டுபோனார், புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி புரட்டினார். பிறகு கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இதுல... ஒரு துரு..."

"என் தப்புதான் அத்தை!" மருமகளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "ஈரத்துணியால துடைச்சுட்டேன். துரு பிடிச்சிடுச்சு. அப்புறம் நானே தேய்ச்சு, நானே கறுப்பு ஏத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

மாமியார் துப்பாக்கியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"ஈரத்துணியா?"

"ஆமா அத்தை."

"சரி, போகட்டும்" என்றார் பெருந்தன்மையாக. "சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சுட்டே. நான் மன்னிச்சுட்டேன்." பிறகு, இந்த வீட்டில் யாரும் பார்த்திராத ஒரு காரியம் நடந்தது. மாமியார் எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தட்டினார். "ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த மாதிரி வேலையை நான் எந்தப் பட்டறையிலயும் பார்த்ததில்லை. உன் கை சாமானியக் கை இல்ல. இனிமே சங்கத்துல எல்லார் துப்பாக்கிக்கும் என் மருமகதான்!"

மருமகளுக்குக் கால் தரையில் படவில்லை. கணவன் கதவுக்குப் பின்னாலிருந்து கைதட்டினான்.

அழைப்பு மணி அடித்தது. மாமியார் புடவையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து, துப்பாக்கியோடு தானே போய் வாசல் கதவை அகலத் திறந்தார். வேட்டைச் சங்கத் தலைவர் நின்றிருந்தார். மீசைக்கு மேலே கோபம், தோளில் நீளமான ஒரு பை.

"வாங்க, வாங்க" என்று அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார் மாமியார்.

தலைவர் அதை விளக்கருகில் பிடித்துப் பார்த்தார். மீசை மெல்லத் தணிந்தது. தோளிலிருந்த பையை இறக்கி, இரண்டு கையாலும் மாமியாரிடம் நீட்டினார்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. நீங்க இரவல் வாங்கி மழையில நனையவிட்ட என் துப்பாக்கியில துரு ஏறினதுக்குப் பதில் சொல்ல முடியாமதான் அக்கா வீட்டுல போய் ஒளிஞ்சிட்டீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இந்தாங்க, அதுக்கு ஈடா நான் அப்போ தூக்கிட்டுப் போன உங்க துப்பாக்கி!"