தற்போதைய இயக்குநர் யார்?

நடப்பு நிகழ்வுகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. அரசு வேலைக்குத் தேர்வு எழுதிய ஆள் இல்லாத வீடு ஒன்று இருந்தால் சொல்லுங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். எங்கோ ஒரு பாலம் திறக்கப்படும், யாரோ ஒருவர் ஏதோ ஒரு வாரியத்துக்குத் தலைவராவார். இவற்றை மனப்பாடம் செய்தவர்தான் தபாலில் முத்திரை குத்தத் தகுதியானவர் என்பது நெடுநாள் கொள்கை. அதில் குறை காண நமக்கு என்ன தகுதி இருக்கிறது? நாமெல்லாம் அந்தத் தாளில் கோட்டை விட்டவர்கள்தானே.

இப்படி இருக்கையில், எடை அளவைத் துறையின் இயக்குநர் ஒருவர் வயது முதிர்வின் காரணமாக, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் நாலு பாராட்டுரைகளையும் பெற்றுக்கொண்டு பணி ஓய்வு பெற்றார். அவர் பதவியில் இருந்தவரை கடைக்காரர்களின் தராசுகள் நேராக நின்றன. ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமை முழுவதும் வீட்டுச் சமையலறையில் இறங்கியது. தக்காளி வந்தால் எடை போட்டார். பால் வந்தால் அளந்தார். சோப்பு கரைகிற வேகம் சரியில்லை என்று அதையும் நிறுத்துப் பார்த்தார்.

"இவர் ஆபீஸ் போனப்ப ஊர்ல இருக்கிற கடைக்காரனெல்லாம் பயந்தான். இப்ப நான் ஒருத்தி பயப்படறேன்" என்று அவர் மனைவி அலுத்துக்கொண்டாள்.

அவர்களுடைய மகள் பட்டம் வாங்கிய நாளிலிருந்து தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். இளநிலை உதவியாளர் பதவிக்கு வயது வரம்பு உண்டு. இந்தத் தேர்வோடு அவளுக்குக் கதவு சாத்தப்படும். அதனால் சாப்பிடும்போதும் புத்தகம், பஸ்ஸிலும் புத்தகம் என்று படித்தாள்.

அவள் போன பயிற்சி மையத்தின் வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் தொகுப்பு சார். வருடம் ஒருமுறை 'நடப்பு நிகழ்வுத் தொகுப்பு' என்ற தடித்த நூலை வெளியிடுவார். தேர்வு வாரியம் அங்கீகரித்த ஒரே நூல் அதுதான். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் தொகுப்பைப் பார்த்துக் கேள்வி எடுப்பார்கள். தொகுப்பு சார் பழைய கேள்வித்தாளைப் பார்த்துத் தொகுப்பு எழுதுவார். இந்த ஏற்பாட்டில் வெளியுலகத்துக்கு எந்த வேலையும் இல்லை.

ஒருநாள் வகுப்பில் அவள் எழுந்தாள். "சார், இந்தப் பக்கத்துல எங்க அப்பா இன்னும் இயக்குநரா இருக்கார். அவர் ஓய்வு பெற்றாச்சு."

"பரீட்சை முடியற வரைக்கும் பெறலைன்னு வெச்சுக்கம்மா" என்றார் தொகுப்பு சார். வகுப்பே சிரித்தது. மற்ற எல்லோரும் பெயரை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டார்கள்.

தேர்வு வந்தது. 'எடை அளவைத் துறையின் தற்போதைய இயக்குநர் யார்?' என்று கேள்வி இருந்தது. முதல் விடையில் அப்பாவின் பெயர். மூன்றாவது விடையில், அப்பாவின் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவரின் பெயர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் படிக்காமலே தெரிந்த கேள்வி இது ஒன்றுதான். மூன்றாவதைக் குறித்துவிட்டு, மனம் குளிர வீட்டுக்கு வந்தாள்.

முடிவு வெளியானபோது ஒரே ஒரு மதிப்பெண்ணில் வேலை நழுவியிருந்தது. விடைக்குறிப்பைப் பார்த்தாள். சரியான விடை முதலாவது.

மறுநாளே தேர்வு வாரியத்துக்கு ஓடினாள். விடைக்குறிப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார்.

"முதல் விடையில இருக்கிறது யாரு?"

"எங்க அப்பா சார்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏம்மா, தேர்வுல கேட்டதே உங்க அப்பா பேரு. விண்ணப்பத்துல சரியா எழுதியிருக்கீங்க. அனுமதிச் சீட்டுல சரியா இருக்கு. விடைத்தாள்ல மட்டும் வேற யாரோ பேரைக் குறிச்சிட்டு வந்து எங்களைக் குத்தம் சொல்றீங்களே!"

"சார், அவர் இப்ப வீட்டுல இருக்கார்."

"விடுப்புல இருக்கலாம்."

"ஓய்வு சார். காலையில இருந்து தக்காளி எடை போட்டுட்டு இருக்கார்."

"எடை அளவைத் துறை இயக்குநர் எடை போடறதுல என்னம்மா தப்பு? அவர் வேலையே அதுதானே?"

அவளுக்குத் தலை சுற்றியது. கண்காணிப்பாளர் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, ஆட்சேபணை பதிவு பண்ணுங்க. ஆனா அங்கீகரிக்கப்பட்ட ஆதார நூல் காட்டணும்."

"நூல் எதுக்கு சார்? அவரையே கூட்டிட்டு வர்றேன்."

"அவர் நூல் இல்லையேம்மா" என்றார் கண்காணிப்பாளர், உண்மையான வருத்தத்துடன்.

ஆட்சேபணையைப் பதிந்துவிட்டுத் திரும்பியவள், பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் பயிற்சி மையத்துக்குப் போனாள். தொகுப்பு சார் புதிய பதிப்பை அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். "நீதான் விவரமான பொண்ணாச்சே, தப்பு இருந்தா திருத்தும்மா" என்று கொடுத்தார். அவள் முதலில் திருத்தியது அந்தப் பக்கத்தைத்தான். அப்பாவின் பெயரை அடித்துவிட்டுப் புது இயக்குநரின் பெயரை எழுதினாள். நூல் அச்சகத்துக்குப் போயிற்று.

வீட்டில் அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் ரத்தம் கொதித்தது. "ஒரு மார்க்கைக் குறைச்சுட்டானா? அளவுல குறைச்சவன் எவனையும் நான் சும்மா விட்டதில்லை. கிளம்பு!" என்று செருப்பை மாட்டினார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

இந்தமுறை வாரியத்தின் செயலாளரே அறைக்கு அழைத்தார். அப்பா உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். "வாங்க, இயக்குநர் சார்! உட்காருங்க. யாருப்பா அங்கே, சாருக்கு டீ கொண்டா."

ஓய்வு பெற்றதிலிருந்து அப்பாவை யாரும் அப்படி அழைத்ததில்லை. பால்காரர் 'பெரியவரே' என்பார். அம்மா எப்படி அழைப்பாள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. அப்பாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"சொல்லுங்கப்பா" என்று மகள் இடித்தாள்.

"நான்... அதாவது... ஓய்வுன்னு சொல்லப்போனா..." என்று அப்பா டீயை உறிஞ்சினார்.

செயலாளர் நிலைமையை விளக்கினார். விடையை மாற்றினால் தரவரிசை மாறும். தரவரிசை மாறினால் வேலைக்குச் சேர்ந்துவிட்டவர்கள் வழக்குப் போடுவார்கள். வழக்கு வந்தால் கேள்வி எடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டும். அது பரம ரகசியம், வாரியத்துக்கே தெரியாது.

"இறுதி விடைக்குறிப்பைத் திருத்த விதியில இடமில்லை சார். ஆனா நிலவரத்தைத் திருத்த எந்த விதியிலயும் தடை இல்லை" என்று முடித்தார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. 'வெளியிடப்பட்ட விடைக்குறிப்பின் மாண்பைக் காக்கும் பொருட்டும், பொதுநலன் கருதியும், மேற்படி அலுவலரின் ஓய்வு நடைபெறாததாகக் கருதப்பட்டு, அவர் தொடர்ந்து இயக்குநராக இருந்துவருகிறார் என்று இதன்மூலம் ஆணையிடப்படுகிறது. மூன்றாவது விடையாக இடம்பெற்ற அலுவலர் தவறானவர் என்று உறுதி செய்யப்பட்டுவிட்டதால், மறு உத்தரவு வரும்வரை தமது இல்லத்தில் இருந்துவரலாம்.'

அப்பா பெட்டியில் கிடந்த சட்டைகளை எடுத்துத் தேய்த்தார்.

"அப்பா, நீங்க போனீங்கன்னா அந்த விடை சரியாயிடும். எனக்கு வேலை போயிடும்" என்றாள் மகள்.

"அசடு! வெளியில நின்னு கத்தினா எவன் கேப்பான்? உள்ள போய் உட்கார்ந்து உனக்கு நியாயம் வாங்கித் தர்றேன் பாரு."

அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டே குறுக்கிட்டாள். "போறவரைத் தடுக்காதேடி. எனக்கு என் சமையல்கட்டு திரும்பக் கிடைக்குது."

நாற்காலியில் அமர்ந்த அப்பாவின் மேசைக்கு முதலில் வந்த கோப்பே தேர்வு வாரியத்தினுடையது. ஒரு விண்ணப்பதாரரின் ஆட்சேபணையை முடித்துவைக்கும் பொருட்டு, தற்போதைய இயக்குநர் தாங்கள்தானா என்பதை உறுதிப்படுத்துமாறு கேட்டிருந்தார்கள். மகள் அன்றைக்கு அவருடைய அறைக்கே போய் நின்றாள். பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள்.

"பரீட்சை நடந்த அன்னைக்கு வீட்டுலதான் இருந்தேன்னு ஒரு வரி எழுதுங்கப்பா. அது போதும்."

அப்பா பேனாவை மூடித் திறந்தார். "உத்தரவைப் படிச்சியா? ஓய்வு நடைபெறலைன்னு தெளிவாப் போட்டிருக்கு. நடக்காத ஒண்ணை நடந்துச்சுன்னு நான் எப்படிம்மா எழுதறது? இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை."

"அப்ப என் வேலை?"

"சட்டத்துக்கு முன்னாடி மகளாவது மருமகளாவது" என்று சொல்லி, 'ஆம், நானே' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கையெழுத்து அவருடைய தராசைப் போலவே ஒரு பக்கமும் சாயாமல் நின்றது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். எழுதுகிற எனக்கே அந்த மனிதர்மேல் ஆத்திரம் வருகிறது. ஆனால் மரியாதையாக அழைத்து ஒரு டீ கொடுத்தால் நான் எங்கே கையெழுத்துப் போடுவேன் என்று எனக்கும் நிச்சயமில்லை.

ஆட்சேபணை தள்ளுபடியானது. வயது வரம்பும் முடிந்தது. தொகுப்பு சார் அவளைத் தம் மையத்திலேயே வகுப்பெடுக்கச் சொன்னார். சேர்ந்த அன்றே அவள் சொன்னாள்: "சார், நான் திருத்தின பக்கத்தை மறுபடி மாத்தணும். அப்பா திரும்ப வந்துட்டார்."

"அச்சாயிடுச்சேம்மா. அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்."

அவள் அச்சான நூலையே நடத்தினாள். ஒரு மாணவி கை தூக்கினாள்.

"அக்கா, டிவியில வேற யாரையோ இயக்குநர்னு காட்டினாங்களே?"

"அவரைக் காட்டட்டும். நீ நூல்ல இருக்கிறதை எழுது."

"நிஜமாவே அந்த நாற்காலியில யாரு அக்கா இருக்கா?"

"பரீட்சை வரைக்கும் டிவி பார்க்காதே. ஜன்னலையும் திறக்காதே."

அடுத்த தேர்விலும் அதே கேள்வி வந்தது. புதிய தொகுப்பின்படி சரியான விடை, வீட்டில் இருந்துவரும்படி ஆணையிடப்பட்டவரின் பெயர். அவள் வகுப்பில் அத்தனை பேரும் சரியாகக் குறித்துத் தேறினார்கள். இன்று நம் மனுக்களைப் படிப்பவர்கள் அவர்கள்தான். நாம் நேரில் போய் நின்றாலும், நாம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்களே, அவர்களுக்கு அந்தப் பயிற்சி அங்கே கிடைத்தது.

விடைக்குறிப்பு வெளியானதும் வழக்கம்போல நிலவரம் திருத்தப்பட்டது. அன்று மாலை அப்பா சாப்பாட்டு டப்பாவும் கையுமாக வாசலில் நின்றார். இந்தமுறை சுவர்க்கடிகாரம்கூட இல்லை. ஓய்வுதான் ஏற்கெனவே நடந்துவிட்டதாமே.

மகள் பயிற்சி மையத்து மாதிரித் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அநியாயம்மா! இத்தனை மாசமா அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தது நான். உன் கண்ணாலேயே பார்த்தியே. ஒரு ஆட்சேபணை எழுதிக் கொடு, நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

"ஆதார நூல் இருக்காப்பா?"

"நூல் எதுக்கு? அதான் நான் இருக்கேனே!"

அவள் தலை நிமிராமல் அடுத்த தாளில் மூன்றாவது விடைக்குச் சரி போட்டாள்.

"நீங்க நூல் இல்லையேப்பா" என்றாள்.

சமையலறையில் அம்மா தராசை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் சத்தம் கேட்டது.