கலைந்துபோன தொகுதியின் கன்னிப்பேச்சு

மேடையில் கைதட்டல் வாங்கிய மனிதனைப் போல ஆபத்தான பிராணி வேறில்லை. அதற்குப் பிறகு அவன் நாக்கு அவன் சொல்வதைக் கேட்காது. பாளையங்கோட்டையில் நான் வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் என் நாக்கும் அப்படித்தான் கைமீறிப் போனது.

ஒரு வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு நகரத்தை மட்டும் தனியாக வெட்டியெடுத்து உருவாக்கிய நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றிப் பேசினேன். (எந்த நகரம் என்று சொல்லமாட்டேன், சொன்னால் மறுபடியும் கார் வரும்.) அங்கே ஒரே ஒரு தேர்தல்தான் நடந்தது. மக்களவை பாதியில் கலைந்தது. அடுத்த தேர்தலுக்குள் எல்லைகளை மாற்றி, நகரத்தைத் தோசை மாதிரி பிய்த்து அக்கம்பக்கத்துத் தொகுதிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இத்தோடு உட்கார்ந்திருக்கலாம். கைதட்டினார்களே! "அதன் ஒரே உறுப்பினர் டெல்லியில் கடைசிவரை வாயே திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் தொகுதி செத்தது" என்று சேர்த்துவிட்டேன். அரங்கம் குலுங்கியது.

மறுநாள் காலை வாசலில் வெள்ளைக் கார். ஓட்டுநர் இறங்கியதும் கார் சற்று உயர்ந்தது. அப்படி ஓர் உடம்பு.

"சார், நேத்து நீங்க பேசுனீயல்லா, அந்த ஐயா கல்லிடைக்குறிச்சியிலதான் இருக்காவ. ஒங்களக் கூட்டியாரச் சொன்னாவ."

மனைவி மெர்சி என்னை உள்ளே இழுத்து, "வரலாறுன்னா செத்தவங்களப் பத்தி மட்டும் பேசப்படாதா?" என்றாள். கண்கலங்கி ஜெபம் செய்து அனுப்பினாள். சுருக்கமான ஜெபம்தான், ஆனால் அதில் 'ஆத்துமா' என்ற சொல் வந்தது.

சேரன்மகாதேவி தாண்டியதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்: "சாருக்கு நீச்சல் தெரியுமா?"

தெரியாது என்று சொல்வதா, தெரியும் என்று சொல்வதா? எதைச் சொன்னால் உயிர் மிஞ்சும்? கார் வீடுகளைத் தாண்டி நேராக ஆற்றுக்கே போய் நின்றது.

படித்துறையில், இடுப்பளவுத் தண்ணீரில், யானைக்குட்டி போல ஒருவர் நின்றிருந்தார். தாமிரபரணி கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வாரும் வே. சட்டையக் கழத்திட்டு இறங்கும்."

ஓட்டுநர் ஒரு துண்டை நீட்டினான். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன். அவர் என் தோளைப் பிடித்தார். அமுக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் வாயே தொறக்கலன்னு பேசினீராமே?"

"ஐயா... அது... ஒரு தமாஷுக்கு..."

"தொறந்தேன் வே. எந்திரிச்சு, 'தலைவர் அவர்களே'ன்னேன். அங்கன ஒரே கூச்சல். சபைய ஒத்திவச்சுட்டானுவ. மறுபடி என் முறை வாரதுக்குள்ள சபையே கலைஞ்சுட்டு. திரும்பி வந்து பாத்தா தொகுதியையும் காணோம்." குரல் சட்டென்று தணிந்தது. "குடிதண்ணி கொண்டாருவேன்னு சொல்லித்தான் ஓட்டு வாங்குனேன். அந்தப் பேச்சு இன்னும் வரிவரியா மனசுல கெடக்கு. கேக்கீரா?"

மாட்டேன் என்று சொல்லும் இடத்திலா இருந்தேன்?

"அசையாதேயும். நீருதான் சபாநாயகர்."

பேசினார். வறண்ட குழாய்கள், குடத்தோடு நிற்கும் பெண்கள், ஒன்றையும் விடவில்லை. துணி துவைத்தவர்கள் துவைப்பதை நிறுத்தினார்கள். எனக்குப் பல் தந்தியடித்தது. ஆனாலும், பயந்து நடுங்கிய நான் எந்த இடத்தில் உண்மையாகவே கேட்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. "நன்றி, வணக்கம்" என்றபோது அவர் கண் நனைந்திருந்தது.

நெகிழ்ந்துபோய் இரு கைகளையும் தூக்கித் தட்டினேன். கால் வழுக்கியது. தண்ணீருக்குள் போனேன். என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியது முன்னாள் உறுப்பினர்தான். துண்டு மட்டும் சேரன்மகாதேவிப் பக்கம் போய்விட்டது. படித்துறை முழுக்கச் சிரிப்பு.

நடந்ததை அப்படியே மெர்சியிடம் சொன்னதுதான் தப்பு. இன்றும் நான் குளிக்கப் போய்க் கொஞ்சம் தாமதமானால், விருந்தாளிகள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் கதவைத் தட்டுகிறாள்:

"என்ன சபாநாயகரே, சபை இன்னும் கலையலையா?"