பேரருவி முன்னே ஓர் ஆசிய மறியல்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கண்ணில் இறங்கிய எண்ணெயைத் துடைத்துவிட்டு நான் முதலில் பார்த்தது இது: குற்றாலம் பேரருவிக்கு முன்னால், ஈரத் தரையில், வெளிநாட்டவர் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து கைகளைக் கோத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அருவி செம்மண் நிறத்தில், வெள்ளத்துக்கு எல்லையான ஆர்ச் வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. முன்னால் போலீஸ்.

ஐந்து பேரையும் அங்கே கூட்டிவந்தவன் நான். (அந்த நேரத்தில் என் உடம்பில் ஒரு துண்டும் நிறைய நல்லெண்ணெயும் தவிர வேறெதுவும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எப்படியும் என் சித்தப்பா சொல்லிவிடுவார்.)

அப்போது நான் தென்காசியில் ஒரு நாளிதழுக்கு நிருபர். ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டுவேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். ஆசியாவில் ஜனநாயகத்தைக் காப்பாற்ற ஐந்து நாடுகளின் தாராளவாதக் கட்சிகள் கூடிப் பேச, குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் ஒரு விடுதியைப் பிடித்திருந்தன. பெருநகரங்களில் கூடினால் அவரவர் தூதரகம் மோப்பம் பிடித்துவிடும். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களை ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு மூன்று பதவிகள்: மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி, இரவில் பரோட்டா வாங்கி வருகிறவர். மூன்றாவதில் மட்டும் என்மேல் புகார் இல்லை.

ஐந்து பேரில் ஒருவரை மாலா என்று குறிப்பிடுகிறேன். பெயரை மாற்றக் காரணம் இருக்கிறது. அவருடைய நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அவர் கட்சியைத் தடைசெய்து, தம்பியைச் சிறையில் போட்டிருந்தது. மாலா வேறொரு நாட்டில் அகதியாக இருந்தார். கூட்டறிக்கையில் அவருக்கு ஒரே ஒரு வரி வேண்டும்: சிறையில் இருப்பவர்களை விடுதலை செய்ய வேண்டும். அயல்நாட்டுக் கட்சிகள் சேர்ந்து கேட்டால் உள்ளே அடிப்பது குறையும் என்று அவர் நம்பினார்.

அந்த வரிக்குக் குறுக்கே நின்றவர் ஒரு தீவு நாட்டுக்காரர். நல்ல மனிதர், ஆஜானுபாகு. அவர் கட்சி அங்கே கூட்டணி அரசில் இருந்தது. அந்த அரசு மாலாவின் ராணுவத்தோடு வியாபாரம் செய்துகொண்டிருந்தது. "விடுதலை செய்ய வேண்டும்" என்பதை அவர் "கவலை கொள்கிறோம்" ஆக்கினார். மறுநாள் "கவனத்தில் கொள்கிறோம்" என்றார். மூன்றாம் நாள் வந்தால் "கேள்விப்பட்டோம்" என்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மற்ற மூவரும் பேசுகிறவர் பக்கமெல்லாம் தலையாட்டினார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் விடுதி மாடியில் நின்று மாலா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரல் அடித்தது.

"எங்கள் ஊரிலும் இப்படி ஒரு மலை, ஓர் அருவி உண்டு. தம்பி தண்ணீருக்குப் பயப்படுவான். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான்" என்றார். பிறகு, "போவதற்குள் ஒரே ஒரு தடவை உங்கள் அருவியில் நிற்கவேண்டும்" என்றார்.

இருபத்தாறு வயதில் இப்படி ஒன்றைக் கேட்டால் மண்டைக்குள் விளக்கு எரியும். தலையில் தண்ணீர் விழுந்தால் தீவுக்காரரும் இளகுவார், மாலாவின் ஆசையும் நிறைவேறும். மறுநாள் காலை எல்லோரையும் வேனில் ஏற்றினேன்.

அருவியில் வரிசை நீளமாக இருந்தது. அவர்களை நிற்கவைத்துவிட்டு, அதற்குள் ஒரு மசாஜ் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணெய்க்காரரிடம் போய்க் குப்புறப் படுத்தேன். சைரன் ஊதியதும் விசில் சத்தம் வந்ததும் காதில் விழுந்தன. வெள்ளம் வந்தால் ஊதுவார்கள், கூட்டம் ஒதுங்கும். பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம்தானே. இதை அந்த ஐந்து பேரிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"சார், ஒங்க கூட வந்தவங்களப் போலீஸ் புடிக்குதாவ" என்றார் எண்ணெய்க்காரர்.

ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்கு. வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அங்கே லத்தியோடு நின்றிருந்த ஏட்டையா என் சித்தப்பா.

"ஏலே, நீயா? என்னலே இது, சட்டியில போட்ட வடை மாரி வந்து நிக்க? இவங்க ஒன் ஆளுகளா? எந்திரிக்கச் சொல்லுலே, தண்ணி ஆர்ச்சத் தாண்டிட்டு!"

நான் மாலாவிடம் குனிந்தேன். வெள்ளம், ஆபத்து, எழுந்திருங்கள் என்றேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"எங்கள் ஊரில் போலீஸ் விசில் அடித்தால் முதலில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து உட்கார்ந்துவிடுவோம். தனியாக நிற்பவரைத்தான் தூக்குவார்கள். யோசிக்காமல் செய்துவிட்டேன்" என்றார்.

அவர் பக்கத்தில் இருந்தவர் தீவுக்காரர். அவர் கை மாலாவின் கைக்குள் இருந்தது. இரண்டு நாள் ஒரு வினைச்சொல்லுக்காக மல்லுக்கட்டியவர்கள்.

அதற்குள் புளியங்குடியிலிருந்து வேனில் வந்திருந்த குடும்பம் ஒன்று இதைப் பார்த்துவிட்டது.

"ஏட்டி, குளிக்க விடணும்னு உக்காந்திருக்காவ போல. வெளிநாட்டுக்காரவியளே உக்காந்துட்டாவ, நமக்கென்ன? உக்காரு" என்றபடி ஓர் அம்மா சப்பணம் போட்டார். பின்னாலேயே ஐம்பது பேர் உட்கார்ந்தார்கள். "குளிக்க விடு! குளிக்க விடு!"

தீவுக்காரரின் கண்கள் கலங்கிவிட்டன. "இந்த மக்கள் என்ன கேட்கிறார்கள்?" என்றார்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் உள்ளதைச் சொன்னேன். "குளிக்க அனுமதி கேட்கிறார்கள்."

அவர் என் சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். போலீஸ் பக்கத்தில் நிற்கும்போது மொழிபெயர்ப்பாளர்கள் எதைச் சொல்வார்கள், எதைச் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்த தலையசைப்பு. "புரிகிறது, தம்பி. நல்ல சங்கேதம்" என்றார். இல்லை ஐயா, நிஜமாகவே குளிக்கத்தான் என்றேன். "ஆமாம், ஆமாம்" என்று கண் சிமிட்டினார். அப்புறம் இடது கையை உயர்த்தி, பேரருவி அதிர, "குலிக்க விடு!" என்றார். மற்ற மூவரும் உடனே சேர்ந்துகொண்டார்கள். நானும் விளக்கம் சொல்வதற்காகக் கையைத் தூக்கினேன். அந்த நொடியில்தான் எங்கள் பத்திரிகையின் போட்டோகிராபர் வந்து சேர்ந்தார்.

உச்சியிலிருந்து ஒரு மரக்கிளை உருண்டுவந்து ஆர்ச்சுக்குக் கீழே விழுந்து உடைந்தது. மறியல் அத்தோடு கலைந்தது. புளியங்குடி அம்மா முதலில் ஓடினார். ஐந்து பேர் மட்டும் கையை விடாமலே எழுந்து, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து, கடைத்தெரு வரை வந்தார்கள்.

விடுதிக்குப் போனதும் தீவுக்காரர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "அந்த வரியை எழுதுங்கள்" என்றார். "விடுதலை என்றே எழுதுங்கள்."

சாயங்காலம் தண்ணீர் இறங்கி, குளிக்க விட்டார்கள். சித்தப்பா போன் செய்து சொன்னார். மாலாவிடம் ஓடிப்போய், இப்போது போகலாம் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அறிக்கையைப் பார்த்தார். அதில் இரண்டு கையெழுத்துதான் விழுந்திருந்தது.

"நான் போய்த் திரும்புவதற்குள் யாராவது யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்" என்றார்.

அவர் போகவில்லை. இரவு மறுபடி மழை, மறுபடி தடை.

காலையில் பேப்பர் வந்தது. "குளிக்க அனுமதி கோரி வெளிநாட்டினர் மறியல்." படத்தின் நடுவே துண்டோடு, கையை உயர்த்தி, பளபளவென்று நான். தலைப்பை வாசித்துச் சொல்லும்படி தீவுக்காரர் கேட்டார். இரவோடு இரவாக ஐந்து கையெழுத்தும் விழுந்திருந்த அறிக்கை மேஜையில் இருந்தது; மாலா அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். சொன்னேன்.

தீவுக்காரர் படத்தின் மேல் குனிந்தார். "அப்படியானால் நிஜமாகவே குளிக்கத்தான்."

"ஆமாம்."

"விட்டார்களா?"

"சாயங்காலம் விட்டார்கள்."

"நல்லது" என்றார். பேப்பரை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அறிக்கையைத் தொடவில்லை.

அன்றே எல்லோரும் கிளம்பினார்கள். வேன் அருவிக்குத் திரும்பும் சாலையைத் தாண்டியபோது மாலா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்த இடத்திலிருந்து அருவி தெரியாது. நான் அதைச் சொல்லவில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் சித்தப்பா என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்: "இவன்தான், அம்மணமா நின்னு ஆசியாவக் காப்பாத்துன பய." (துண்டு இருந்தது. படமே சாட்சி.) வீட்டில் என் மகள் அடம்பிடித்துத் தரையில் உட்கார்ந்தால், "ஏட்டி, மாநாடு போதும், எந்திரி" என்கிறாள் என் மனைவி.

ஒவ்வொரு சீசனிலும் மாலாவிடமிருந்து ஒரு செய்தி வரும்: தண்ணீர் விழுகிறதா? நான் பேரருவிக்குப் போய் வீடியோ எடுத்து அனுப்புவேன். சத்தத்தோடு அனுப்புங்கள் என்பார்.

அறிக்கை ஐந்து கையெழுத்துகளோடு வெளிவந்தது. அவருடைய தம்பி இன்னும் சிறையில் இருக்கிறார்.