பனைமர உயரத்தில் என் நைனா

ஊருக்குத் தைரியம் சொல்லும் வேலையை எப்போதும் கோழைகளிடம்தான் கொடுக்கிறார்கள். பயத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் அவர்கள்தானே! (திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் நின்றுகொண்டு மலையேறும் பஸ்ஸைப் பார்த்தாலே நான் கண்ணை மூடிக்கொள்வேன்.)

திருப்பதியில் ஒரு பறக்கும் டாக்சி கம்பெனியில் வேலை பார்த்தேன். அந்த வண்டியில் இரண்டு பேர் உட்காரலாம், டிரைவர் கிடையாது. அது ஏறி இறங்க வடமாலபேட்டை பக்கம் ஓர் இடம் வேண்டும். ஊர்க்காரர்களைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு. முடியாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

எத்தனை கூட்டம் போட்டாலும் ஒரே கேள்விதான். "மா மீத படிதே?" (எங்க மேல விழுந்தா?) கடைசியில் ஓர் அம்மா எழுந்து, "உங்க வூட்டு ஆளுங்களை அதுல உக்கார வைப்பியா நீ?" என்றார். வாய் சும்மா இருக்குமா? "நானும் எங்க நைனாவும் உக்காந்து காட்டறோம்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா போன பிறகு நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சித்தூரில் தனியாக இருந்தார். வரமாட்டார் என்று நம்பித்தான் போன் செய்தேன்.

"வரேன்டா" என்றார் உடனே. "உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறப்போ சந்திரகிரிகிட்ட டிராபிக்ல நின்னுக்கினே இருந்தமே. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவ முனகினா. இந்த மாதிரி ஒரு வண்டி அன்னைக்கு இருந்திருந்தா..."

தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

எங்கள் சபையில் புது வண்டி எதுவும் பாஸ்டர் ஜெபிக்காமல் நகராது. டிராக்டருக்கும் குழந்தையின் சைக்கிளுக்கும் ஒரே ஜெபம்தான். வண்டியில் ஏறிக் காட்டும் நாளன்று நைனா பாஸ்டரையும் கையோடு அழைத்து வந்துவிட்டார். ஊரே கேட்கட்டும் என்று அவர் கையில் மைக்கைக் கொடுத்த புத்திசாலி நான்தான்.

நானும் நைனாவும் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டோம். பாஸ்டர் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்த வண்டியை ஓட்டுகிற கைகளை..." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "யாருப்பா ஓட்டறது?"

"யாரும் இல்லீங்க ஐயா."

"இதன் சக்கரங்களை..." குனிந்து பார்த்தார். சக்கரமும் இல்லை.

பாவம், மனிதர் திண்டாடிப் போனார். மேலே போகிறவர்களுக்கு என்று அவருக்குத் தெரிந்தது இன்னொரு ஜெபம் மட்டுமே. அதை ஆரம்பித்ததும் குரல் தானாகத் தழுதழுத்தது.

"ஆண்டவரே, உமது பிள்ளைகள் உம்மிடத்தில் வருகிறார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும். பின்னால் நிற்கிற குடும்பத்தாரை ஆற்றித் தேற்றும்..."

கூட்டம் மொத்தமும் "ஆமென்" என்றது. என் கை எப்போது பெல்ட்டைக் கழற்றியதோ தெரியாது.

"டேய், எங்கடா போற?" என்றார் நைனா.

"ஒண்ணுக்கு நைனா!"

நான் புளியமரத்தடியில் போய் நின்றபோது கதவு மூடிக்கொண்டது. வண்டி அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு எழும்பியது. பனைமர உயரத்தில் சற்றுநேரம் நின்றுவிட்டு அலுங்காமல் இறங்கியது.

நைனாவின் கண் கலங்கியிருந்தது. "ஒரு குலுக்கல் இல்லடா. உங்கம்மாவுக்கு வலிச்சே இருக்காது" என்றார். எனக்கு அப்படியே செத்துவிடலாம் போல இருந்தது. (அதற்கும் தைரியம் வேண்டும்.) கேள்வி கேட்ட அம்மா அடுத்த ஆளாக ஏறினார்.

ஊர் சம்மதித்துவிட்டது, கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. "ஜனங்களுக்கு வண்டி மேல நம்பிக்கை வந்துடுச்சி. உங்களைப் பார்த்தா போயிடும்" என்றார் மேனேஜர். அன்றிலிருந்து நான் ஆட்டோவில் ஏறினால்கூட, "பாஸ்டரைக் கூப்பிடட்டுமா?" என்பாள் என் மனைவி.

போன வருஷம் நைனாவுக்கு நெஞ்சுவலி. பறக்கும் டாக்சி இன்னும் சோதனையில்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் அதே சந்திரகிரி டிராபிக்கில் நின்றது. நைனா ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "ஏறிக்கினியா, எறங்கிட்டியா?" என்று கேட்டார்.

"பக்கத்துலதான் கீறேன் நைனா."

சிரித்தார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அடக்கத்தில் பாஸ்டர் அதே ஜெபத்தைச் சொன்னார். "சேர்த்துக்கொள்ளும்" என்றதும் அழுதுகொண்டிருந்த குடும்பமே என் பக்கம் திரும்பியது. ஓடிவிடுவேனோ என்று மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.