எழுத்து விழுங்கிய ஒன்பது ஊசி

மூங்கில் ஏராளமாகவும் புத்தி அளவாகவும் இருந்த ஒரு காட்டில், அங்காயி என்ற அழுங்கு வாழ்ந்து வந்தது. உடம்பெல்லாம் செதில் உள்ள, எறும்பு தின்னும் பிராணி. ஆனால் அங்காயிக்கு எறும்பைவிடக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவதில்தான் ருசி.

காட்டுக்கு மேலே ஒரு மலை. மலையில் ஒரு பழைய ஏரி. ஏரிக்கரையை நம்பக் கூடாது என்று எல்லா மிருகங்களுக்கும் தெரியும். அதனால் சடையன் என்ற கருங்குரங்கை மலையில் காவல் வைத்திருந்தார்கள். மனிதர்கள் போட்டுவிட்டுப் போன ஓர் ஆபீஸில் இரண்டு பழைய கம்ப்யூட்டரும் இரண்டு மோடமும் கிடந்தன. ஒரு ஜோடி மலைக்குப் போனது. இன்னொரு ஜோடி கீழேயே இருந்தது. நடுவில் ஒரு டெலிபோன் கம்பி. செய்தியைக் கம்பியில் ஏற்றி இறக்குவது மோடத்தின் வேலை.

கீழே இருந்த கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்பது ஊசி உள்ள ஒரு துளை இருந்தது. சடையன் தட்டும் செய்தி அதன் வழியாக ஓர் எழுத்துக்குப் பின் ஓர் எழுத்தாக, சந்தில் ஆடு போவதுபோல் வரும். வந்த எழுத்தை உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பின்னால் வரும் எழுத்து அதன்மேல் ஏறி மிதித்துவிடும்.

அங்காயி எழுதிய நிரல் ரொம்பச் சின்னது. எழுத்து வந்தால் விழித்து எடுக்கும். வராவிட்டால் தூங்கும். அங்காயியும் பக்கத்தில் சுருண்டு தூங்கும்.

இதைக் காட்டின் தலைவர் கொம்பையா பார்த்துவிட்டார். அவர் ஒரு காட்டெருமை.

"என்ன அங்காயி, நிரலும் தூங்குது, நீயும் தூங்குற?"

"எழுத்து வந்தா எழுந்துரும் தலைவரே."

"வராதப்போ என்ன வேலை பாக்குது?"

"வராதப்போ வேலை இல்லையே."

"வேலை இல்லாத ஒண்ணை நான் எப்படி மேற்பார்வை பண்றது?" என்றார் கொம்பையா. அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மோடத்தின் முகத்தில் நாலு விளக்குகள் இருந்தன. மோடம் தயாரா, அனுப்பலாமா, மணி அடிக்கிறதா, லைன் இருக்கிறதா என்று ஆளுக்கொன்றைச் சொல்லும். கொம்பையா ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் அதிகாரியை நியமித்தார். லைன் விளக்குக்கு மொக்கையன் என்ற கரடி. மணி விளக்குக்கு ஒரு முயல். மற்ற இரண்டுக்கும் தலைவரின் மச்சான்கள்.

நாலு பேருக்கும் நிரலிடமிருந்து நிமிஷத்துக்கு அறுபது அறிக்கை வேண்டும் என்று உத்தரவு. விளக்கு மாறாவிட்டாலும் "மாறவில்லை" என்று அறிக்கை வர வேண்டும்.

"இப்படி விளக்கையே கேட்டுக்கிட்டு இருந்தா எழுத்தை எடுக்க நேரம் இருக்காது தலைவரே," என்றது அங்காயி.

"எழுத்து எப்பவாவது வரும். நிலவரம் எப்பவும் இருக்கு. எது முக்கியம்?"

அங்காயி நிரலை மாற்றி எழுதியது. பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதியது.

ஐப்பசியில் அடைமழை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு முயல் துள்ளியது. "மணி விளக்கு எரியுது! என் விளக்கு!"

"லைன் இருக்கு!" என்றது மொக்கையன், மார்பை நிமிர்த்தி.

மலையில் சடையன் தட்டிய செய்தி இது: "ஏரி உடையுது எல்லோரும் மேட்டுக்கு வாங்க." கீழே நிரல் விளக்கு விளக்காக விசாரித்துக்கொண்டிருந்தது. எழுத்தின்மேல் எழுத்து ஏறி மிதித்தது. கடைசியில் திரையில் நின்றது இவ்வளவுதான்:

"உடை எல்லோரும் வாங்க."

அங்காயி தவறிப்போன எழுத்துகளின் கணக்கைப் பார்த்தது. செதிலெல்லாம் சிலிர்த்தது. "தலைவரே, எழுத்து பாதி காணோம். ஏரி உடையுதுன்னு சொல்லியிருப்பான்!"

கொம்பையா முகம் இறுகியது. "ஏரி உடைஞ்சா அது பெரிய விஷயம். முதல்ல கூட்டம் போடணும். ஆய்வுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர்..."

அதற்குள் முயல் வாசலுக்குப் போய்க் கத்திவிட்டது. "மலையில இலவச உடை! எல்லோரும் வாங்க!"

காடே கிளம்பியது. மான், பன்றி, நரி, பிறந்து நாலு நாளான குட்டிகள், எல்லாம் மழையில் மலை ஏறின. தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் கொம்பையாவும் ஓடினார். அங்காயியும் பின்னால் உருண்டது.

"லைன் போச்சு!" என்று கடைசி அறிக்கையைக் கொடுத்துவிட்டு மொக்கையன் வந்து சேர்ந்தபோது, கீழே காடு இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

சடையன் அழுதேவிட்டான். "எல்லாரும் பொழைச்சிட்டீங்களே!"

"அது இருக்கட்டும், உடை எங்கே?" என்றது நரி.

"எனக்குப் பச்சைப் பாவாடை," என்றது முயல்.

உடை இல்லை என்று தெரிந்ததும் சடையனை மோசடிக்காரன் என்று திட்டினார்கள். எல்லோரும் வரிசையில் நின்று திட்டினார்கள்.

தண்ணீர் வடிந்தது. கரையை அடைத்தார்கள். மலையிலிருந்து கீழே வரை புதிய கம்பி இழுத்தார்கள். வேறொரு கம்ப்யூட்டரும் மோடமும் கிடைத்தன. அங்காயி யாரையும் கேட்காமல் பழைய சின்ன நிரலையே அதில் ஏற்றியது. அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டத் திரையின் ஓர் ஓரத்தில் "மாறவில்லை" என்று சும்மா ஓடவிட்டது.

அடுத்த மழையில் செய்தி ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் வந்தது:

"வட கரை உடையுது எல்லோரும் மேட்டுக்கு வாங்க."

அங்காயி வாய் திறக்கப் போனது. கொம்பையாவைப் பார்த்தது. குழுத் தலைவர் பதவிக்கு மச்சான்கள் இருவரும் தயாராக நிற்பதைப் பார்த்தது. பிறகு நகத்தால் சில எழுத்துகளைத் தட்டி அழித்தது. திரையைத் திருப்பிக் காட்டியது.

"வடை எல்லோரும் வாங்க."

"போன தடவை உடை கிடைக்கலையே?" என்றது ஒரு பன்றி.

"உடைதானே கிடைக்கலை," என்று நரி ஓடிக்கொண்டே சொன்னது. "இது வடை!"

நீதி: செய்தி முழுசாகப் போனால் கூட்டம் போடுவார்கள், அரைகுறையாகப் போனால் ஓடிப் பிழைப்பார்கள். ஆகவே ஊரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் எழுத்தைப் பார்த்து விழுங்கவும்.