ஒப்பீட்டுத் தெருவில் ஒரு பல்பு

உலகம் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஒரு தெரு வெளிச்சத்துக்குப் போய்விடாமல் ஏழு வருடம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றப்பட்ட கதையை மட்டும் இதுவரை யாரும் எழுதவில்லை. அறிவுலகத்தில் இது எவ்வளவு பெரிய ஓட்டை! அதை அடைக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்திருக்கிறது.

காப்பாற்றியவர்கள் 'தூய ஆற்றல் மாற்றப் பொருளாதார ஆய்வு மைய'த்தார். ஐந்து மாடிக் கட்டடம், முழுக்கக் கண்ணாடி. வெயில் உள்ளே வந்து திரையில் ஓடும் வரைபடங்களைக் கெடுக்கிறது என்பதால், எல்லா ஜன்னலுக்கும் தடித்த துணி போட்டு மூடி, பகல் முழுக்க விளக்கு எரியவிட்டிருந்தார்கள். கூட்ட அறையில் ஏசி ரிமோட் தொலைந்து மூன்று வருடம் ஆகிறது. குளிர் பதினேழு டிகிரியில் நின்றது நின்றதுதான். ஆகவே பூமி சூடாகி வருவதைப் பற்றி அங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பேசுவார்கள்.

மையத்தின் தலைசிறந்த ஆய்வு மிக எளிமையானது. ஊர் ஓரத்தில், மின்கம்பம் இன்னும் எட்டாத இரண்டு தெருக்கள். ஒன்றில் எல்லா வீட்டுக்கும் சூரியத் தகடு மாட்டுவது; இன்னொன்றில் ஒன்றுமே செய்யாமல் இருப்பது. பிறகு விளக்கு எரிகிற வீட்டில் விளக்கு எரியாத வீட்டைவிட வெளிச்சம் கூடுதலா என்று விஞ்ஞான முறைப்படி கண்டறிவது. முதல் தெருவுக்கு 'ஒளித் தெரு' என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது 'ஒப்பீட்டுத் தெரு'.

ஒப்பீட்டுத் தெருக்காரர்களையும் மையம் அம்போவென்று விட்டுவிடவில்லை. ஆய்வு முடிகிற அன்று அவர்களுக்கும் தகடு இலவசம். அதுவரை யாரும் சொந்தமாக மாட்டிக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு வீடு மாட்டினாலும் தெரு முழுவதற்கும் கிடையாது. முப்பத்தெட்டு வீடும் கையெழுத்துப் போட்டன. இரண்டே வருடம் என்றார்கள். முடிவுகள் நன்றாக வந்ததால் இன்னும் இரண்டு வருடம் நீட்டினார்கள். அதைவிட நன்றாக வந்ததால் இன்னும் மூன்று.

இந்த மாபெரும் பணிக்குக் கையும் காலுமாக இருந்தவர் 'கேள்விக்காரர்'. தெரு வைத்த பெயர் அது. மையத்தின் ஏட்டில் அவர் ஒப்பந்தக் களத் தரவுச் சேகரிப்பாளர். வேலை வருடா வருடம் புதுப்பிக்கப்படும், அல்லது படாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு தெருக்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கி, இருநூற்றுப் பதினான்கு கேள்விகள் கேட்டு, டேப்லெட்டில் தட்டிக்கொண்டு வருவார்.

ஒப்பீட்டுத் தெருவில் முப்பத்தொன்றாம் வீட்டுத் தையல்காரி அவருடைய சொந்த அக்கா. இதை அவர் மறைக்கவில்லை. வேலைக்குச் சேரும்போது கொடுத்த படிவத்தில் எண்ணெய்க் கம்பெனியில் பங்கு உண்டா, காப்புரிமை உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அக்கா உண்டா என்று கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த விபரீதம் நடந்தது. செயற்கைக்கோள் எடுத்த படத்தில், கன்னங்கரேலென்று இருக்கவேண்டிய ஒப்பீட்டுத் தெருவில், மையத்தின் புள்ளியியலாளர் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார். கணினித் திரையில் தூசி என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். அப்போதும் போகவில்லை. அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடிவிட்டது.

"சார், வெளிச்சம் தொத்திக்கிச்சு," என்றார் புள்ளியியலாளர், மரணச் செய்தி சொல்கிற குரலில்.

"எத்தனை வீடு?" என்று கேட்டார் இயக்குநர். அந்தத் தெருவைப் பற்றிப் பதினொரு நாடுகளுக்கு விமானத்தில் போய்ப் பேசிவிட்டு வந்தவர் அவர். தெருவுக்கு மட்டும் ஒரு நாளும் போனதில்லை. தான் கால் வைத்தால் தெரு முன்னேறிவிடுமோ என்ற பயம்.

"ஒரு வீடுதான். நம்பர் முப்பத்தொண்ணு."

"ஒண்ணுதானே?"

"இன்னைக்கு ஒண்ணு சார். நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க அங்க வந்து உக்காந்து படிக்கும். அப்புறம் அந்தத் தெருவுக்கும் படிப்பு வந்துடும். வித்தியாசத்துக்கு நான் எங்க போறது?"

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். "ஏழு வருஷ இருட்டு. எவ்வளவு சுத்தமா வச்சிருந்தோம்."

மையத்தின் நெறிமுறைக் குழுத் தலைவி தொண்டையைக் கனைத்தார். மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வில் மனிதர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. "தகட்டைக் கழட்டுன்னு நாம சொல்லக் கூடாது. அது நெறிமுறைக்கு விரோதம்," என்றார். எல்லார் முகமும் தொங்கிப்போனது. "ஆனா அவங்களா மனசார கழட்டினா, அதுல தப்பே இல்ல. ஒரு ஒப்புதல் படிவம் மட்டும் வாங்கிடுங்க."

"கழட்டக்கூட வேணாம். மேல ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினாப் போதும்," என்றார் புள்ளியியலாளர்.

"பாவம், பதிலுக்கு ஏதாவது குடுக்கலாமே," என்றார் இயக்குநர். இளகிய மனசு அவருக்கு. "நல்ல மெழுகுவத்தியா ஒரு டஜன்?"

"மெழுகுவத்தியும் வெளிச்சம்தான் சார்."

"அப்ப ஒரு மூக்குக் கண்ணாடி?"

"பார்வை நம்ம நூத்திப் பன்னிரண்டாவது கேள்வி. கண்ணாடி போட்டா விடை மாறிடும்."

"சரி, ஒண்ணும் குடுக்க வேணாம். அன்பா பேசிப் பாக்கலாம்," என்று இயக்குநர் முடித்தார். அன்பாகப் பேசுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு எல்லாரும் கதவோரம் நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டிருந்த கேள்விக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தம்மா உங்க பேச்சைக் கேப்பாங்களா?" என்று கேட்டார் இயக்குநர்.

"கேப்பாங்க சார்."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"ரொம்ப நாள் பழக்கம் சார்."

"உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல?" பெற்ற தகப்பனைப் போன்ற அக்கறை அந்தக் குரலில். "வெளிச்சம் போனதும் வந்து பாருங்க."

அன்று மதியமே கேள்விக்காரர் அக்கா வீட்டுக்குப் போனார். கக்கத்தில் மடித்த நீலத் தார்ப்பாய், பையில் ஒப்புதல் படிவம். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது. வழியெல்லாம் அன்பாகப் பேசிப் பார்த்துக்கொண்டே போனார்.

அக்காவின் அறை ஒடுக்கமானது. இருந்த ஒரே ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தது. தையல் மெஷினுக்கு மேலே, ஒயரில் தொங்கிய பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மெஷினில் புதிதாக ஒரு மோட்டார். அக்காவின் கால் ஏழு வருடத்தில் முதல் முறையாக மிதிபலகையில் இல்லாமல் தரையில் இருந்தது.

"வாடா. இது கேள்வி மாசம் இல்லியே," என்றாள் அக்கா.

"இந்தத் தகடு ஏதுக்கா?"

"தகடு மாட்டற எலக்ட்ரீஷியன் இருக்கானே, அவன் ஆளுங்களுக்கு நாப்பது சட்டை தைச்சுக் குடுத்தேன். கூலிக்குப் பதிலா இதைக் குடுத்தான். பேட்டரியோட. பழசுதான், ஆனா மோட்டாரை இழுக்குது. முட்டி வலி பாதி போயிடுச்சு."

கேள்விக்காரர் வந்த விஷயத்தைச் சொன்னார். தரவுத் தூய்மை, கொள்கை வகுப்பு, வருங்காலத் தலைமுறை எல்லாவற்றையும் சொன்னார். அக்கா ஒரு சட்டைக் கைக்கு மடிப்பு அடித்து முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ எரியவிட்டா தெருவுக்கே கிடைக்காம போயிடும்க்கா."

"இப்ப மட்டும் கிடைச்சுதாக்கும். எப்படா முடியும் உங்க ஆய்வு?"

"வித்தியாசம் நல்லா தெரிஞ்சதும்."

"இன்னுமா தெரியல? பொழுது சாஞ்சதும் ரெண்டு தெருவுக்கும் நடுவுல வந்து நின்னு பாக்கச் சொல்லு உங்க பெரிய மனுஷங்களை."

"கண்ணால பாத்தா அது தரவு ஆகாதுக்கா."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேலைக்கு ஆபத்தாடா?" என்று கேட்டாள்.

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

அக்கா எழுந்தாள். மோட்டாரை நிறுத்தினாள். பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். தார்ப்பாயை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய், ஸ்டூல் மேல் ஏறித் தாழ்ந்த கூரைமேல் விரித்து, இரண்டு செங்கல் வைத்துவிட்டு இறங்கினாள். அறை பழையபடி இருண்டது. மையத்தின் ஆய்வு பிழைத்தது.

"குடு, எங்க போடணும் கையெழுத்து?"

"கீழ கோடு போட்டிருக்கு பாரு."

அக்கா காகிதத்தை முகத்தருகே கொண்டுபோனாள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். எழுந்து வாசலுக்குப் போய் வெயிலில் காட்டினாள். பேனாவைக் காகிதத்தின் நடுவில், 'நான் மனமுவந்து' என்ற வரிமேல் வைத்தாள். "இதானே?"

"அது இல்லக்கா. கீழ."

"விரலை வச்சுக் காட்டுடா. சரியா தெரியல."

கட்டை விரல் நீளத்துக்குக் கறுப்பாக, தடிப்பாக அச்சடித்த கோடு அது. ஊசியில் நூல் கோக்க அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் இவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"எப்பலேருந்துக்கா இப்படி?"

"மூணு வருஷம் இருக்கும். ராத்திரி பகலா சிமினி விளக்குல தைச்சா வேற என்ன ஆகும்?"

"நான் வர்றப்பல்லாம் கேப்பேனே. நூத்திப் பன்னிரண்டாவது கேள்வி."

"நீ எங்க கேட்டே? 'போன தடவை மாதிரியேதானேக்கா?'ன்னு கேப்பே. நானும் ஆமான்னு சொல்வேன். உனக்கும் அடுத்த வீட்டுக்குப் போகணுமில்ல."

உண்மைதான். டேப்லெட்டில் 'முந்தைய விடையே' என்று ஒரு பொத்தான் உண்டு. களப்பணியாளர்களின் நேரத்தை மிச்சப்படுத்த மையம் கண்டுபிடித்த அரிய வசதி. முதல் முறை தவிர இருபத்தேழு முறை அவர் அதை அழுத்தியிருக்கிறார். இருபத்தெட்டு முறையும் அக்காவின் பார்வை 'இயல்பானது'. இயக்குநர் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை, தன் மேல்தான் வந்தது. கூசிப்போய் நின்றார்.

காகிதத்தை அக்காவின் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்பக்கம் போய் ஸ்டூலில் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டார். உள்ளே வந்து பேட்டரி ஒயரை மாட்டினார். பிறகு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து, டேப்லெட்டைத் திறந்து, முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். எந்தப் பொத்தானையும் தொடாமல், இருநூற்றுப் பதினான்கையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். வெளிச்சம்: தினமும் ஐந்து மணி நேரம். பார்வை: கோடு தெரியவில்லை. குறிப்பு: கேள்வி கேட்டவர் இவருடைய தம்பி. கடைசியில் 'மையத்துக்கு அனுப்பு' என்பதை அழுத்தினார்.

"வேலை?" என்றாள் அக்கா.

"போனா போகுது."

"இருந்து சாப்பிட்டுப் போ."

மையம் இந்த நெருக்கடியைத் தன் தகுதிக்கேற்ற நிதானத்தோடு கையாண்டது. 'தரவுத் தூய்மைக்கு ஊறு விளைவித்தமைக்காக' கேள்விக்காரரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஒப்பீட்டுத் தெரு 'மாசடைந்த மாதிரி' என்று அறிவிக்கப்பட்டு ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. முப்பத்தெட்டு வீட்டுக்கும் கடிதம் போனது: இலவசத் தகடு இனி இல்லை, மையத்தின் ஆட்கள் இனி வரமாட்டார்கள், இதுவரை இருட்டில் இருந்து ஒத்துழைத்தமைக்கு நன்றி.

இரண்டு நாள் தெருவில் யாரும் அக்காவோடு பேசவில்லை. எதிர்வீட்டுக்காரி அவள் காதுபடவே, ஏழு வருஷம் காத்திருந்ததை ஒருத்தி ஒரே நாளில் கெடுத்துவிட்டாள் என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். மூன்றாம் நாள் அதே எதிர்வீட்டுக்காரி வந்து வாசலில் நின்றாள்.

"அந்த எலக்ட்ரீஷியனுக்கு இன்னும் சட்டை வேணுமா அக்கா?"

"சட்டை போதுமாம். ஏணி பிடிக்க ஆள் வேணும்னான். என் தம்பி போறான். உன் வீட்டுக்காரரையும் அனுப்பு."

காத்திருக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் யாரும் காத்திருக்கவில்லை. ஒரு வீட்டைப் பார்த்து இன்னொரு வீடு. கூலிக்குப் பதில் தகடு, மாட்டுக்குப் பதில் தகடு, பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பதில் தகடு. நாலே மாதத்தில் முப்பத்தெட்டுக் கூரையும் மினுங்கின. பாதிக் கூரைகளுக்கு ஏணி பிடித்தவர் முன்னாள் கேள்விக்காரர். அக்கா அவரையே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

அடுத்த செயற்கைக்கோள் படம் வந்தபோது புள்ளியியலாளர் கைக்குட்டையை எடுக்கவில்லை, இயக்குநரைக் கூப்பிட்டார். இயக்குநருக்குப் புல்லரித்தது. யார் உதவியும் இல்லாமல், நாலே மாதத்தில், ஒரு தெரு முழுவதும் தூய ஆற்றலுக்கு மாறியிருக்கிறது. உலகத்தில் எங்கும் நடக்காத வேகம். அதற்குக் காரணம் மட்டும் தெரிந்துவிட்டால் பூமியையே காப்பாற்றிவிடலாம்.

காரணம் தேடி மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. வருமானம், கல்வி, கூரையின் சாய்வு, குடும்பத் தலைவரின் வயது என்று இருநூற்றுப் பதினான்கையும் புரட்டிப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. அறிஞர்கள் நேர்மையானவர்கள், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. முந்நூற்று நாற்பது பக்க அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், எல்லாரும் கையொப்பமிட்டு, தடித்த எழுத்தில் இப்படி முடித்தார்கள்:

"இத்தெருவில் வெளிச்சம் வந்ததற்கான காரணத்தைக் கண்டறிய இயலவில்லை. ஏனெனில், அது வந்த நான்கு மாதங்களிலும் நமது மையம் அங்கே இல்லை."