நாற்பது நொடித் திட்டு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அழகுராஜா ஒரு முடிவுக்கு வந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பெண்டாட்டியிடம் நாற்பது நொடி திட்டு வாங்கியே தீர வேண்டும். முப்பத்தெட்டு போதாது. நாற்பத்திரண்டு கூடாது.

இப்படி ஒரு விரதத்தை திண்டுக்கல்லில் இதற்கு முன் எந்தப் புருஷனும் எடுத்ததில்லை. கேட்காமலே கிடைக்கிற பொருளுக்கு எவன் விரதம் இருப்பான்? ஆனால் அழகுராஜாவின் பிழைப்பு அப்படி.

வெளிநாட்டு கார்ட்டூன் ஒன்றுக்குத் தமிழில் வசனம் எழுதுவது அவன் வேலை. மந்திரம் படிக்கிற பிள்ளைகளுக்கென்று மலை உச்சியில் ஒரு பள்ளிக்கூடம். அதில் பின்டோ என்று ஒரு வால் பையன். அவனை மேய்க்க மொராபெல்லா என்று ஒரு தலைமை ஆசிரியை, மூக்கு மட்டும் ஒரு முழம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிவியில் வரும். சென்னை ஸ்டுடியோவிலிருந்து ருக்ஸார் மேடம் படத்தை அனுப்புவார். அழகுராஜா நாகல் நகர் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, பொம்மைகள் வாயைத் திறந்து மூடும் நேரத்துக்குச் சரியாகத் தமிழை அளந்து வெட்ட வேண்டும். வாய் மூடிய பிறகும் வசனம் ஓடினால் பேய் பேசுகிற மாதிரி இருக்கும். வசனம் தீர்ந்த பிறகும் வாய் ஆடினால் மாடு அசைபோடுகிற மாதிரி இருக்கும்.

மற்ற பொம்மைகள் எல்லாம் அவனுக்கு அடங்கிவிட்டன. மொராபெல்லா மட்டும் அடங்கவில்லை. அந்தம்மா மூச்சு விடாமல் ஒன்பது நொடி பொரிந்தால், அழகுராஜா எம்.ஏ. வரை படித்த தமிழ் நாலு நொடியில் தீர்ந்துபோயிற்று. "மூடனே, உன் செயல் வன்மையாகக் கண்டிக்கத்தக்கது" என்று ஒரு தடவை எழுதினான்.

"சார், இது டீச்சர் திட்டுறதா, ஆபீஸ்ல ஒட்டுற நோட்டீஸா?" என்று கேட்டார் ருக்ஸார் மேடம்.

அந்தக் கவலையில் ஒருநாள் ஈர டவலைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். மனைவி ஜீவிதா வந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள். வாயைத் திறந்துகொண்டு வருகிற ஆட்களையே அடக்கிப் பழகியவள்.

"வெளிய கொடி கட்டிருக்கது எதுக்கு, காக்கா ஊஞ்சலாடவா? இந்த மெத்தை ஒங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? படுத்தா முதுகு ஈரம், எந்திரிச்சா மனசு பாரம்! ஒங்களக் கூட்டியாந்து வச்சதுக்கு ஒரு கெணத்துத் தவளையக் கூட்டியாந்திருந்தா, அதுவாச்சும் துண்டு கேக்காது!"

சரியாக ஒன்பது நொடி. அழகுராஜாவுக்கு மயிர்க்கூச்செடுத்தது. மாடிக்கு ஓடிப்போய் பொம்மையின் வாயில் பொருத்திப் பார்த்தான். உதட்டோடு உதடு ஒட்டியது. வசனத்தில் மெத்தையை எடுத்துவிட்டுப் பறக்கும் கம்பளத்தைப் போட்டான். அவ்வளவுதான் அவன் செய்த இலக்கியப் பணி.

அன்றிலிருந்து சட்டைப் பையில் போன் எப்போதும் பதிவிலேயே இருந்தது. தேவைக்கு ஏற்ற தப்பு. நாலு நொடி வேண்டுமென்றால் தக்காளி வாங்க மறப்பான். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லாமல் விட்டால் பதினொன்று தேறும். செம்பட்டியிலிருந்து மாமியார் போன் பண்ணும்போது எடுக்காமல் விட்டால் இருபத்திரண்டு. அதில் கடைசி ஆறு நொடி அவன் வம்சத்துக்கு. மொராபெல்லா பிரபலமாகிவிட்டாள். பிள்ளைகள் பள்ளி வேனில் அவளைப்போலவே திட்டிக்கொண்டு போனார்கள்.

"எங்கருந்து சார் புடிக்கிறீங்க?" என்றார் ருக்ஸார் மேடம்.

"எல்லாம் கற்பனைதான் மேடம்" என்றான் அழகுராஜா, அடக்கமாக.

இப்போது கடைசி எபிசோட் வந்திருக்கிறது. அதில் பின்டோ ஊரார் குரலையெல்லாம் திருடி சீசாவில் அடைத்து வைத்துக்கொள்கிறான். மொராபெல்லா கண்டுபிடித்து நாற்பது நொடி வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். "இது மட்டும் சரியா அமையணும் சார். அடுத்த சீசனுக்கு மதுரையில ஒருத்தர் வரிசையில நிக்கிறார். அஞ்சு மணிக்கு எனக்கு வந்தாகணும்" என்று சொல்லிவிட்டார் மேடம். அழகுராஜா வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். சேவுகம்பட்டியில் வெங்காயம் போடுகிற அவன் அப்பா மலைச்சாமி, "டிவியில பேசுறவுகளுக்கே எம்மவன்தான் பேச்சு எழுதிக் குடுக்கான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

குளித்துவிட்டு வந்ததும் வேலையைத் தொடங்கினான். ஈர டவலைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் தலையணையை வைத்து, தலையணைமேல் ஈரத் தலையை வைத்துப் படுத்தான்.

ஜீவிதா வந்தாள். டவலை உருவிக் கொடியில் போட்டாள். "வெயில் நல்லா அடிக்குது. செத்த நேரத்துல காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அழகுராஜா எழுந்து உட்கார்ந்தான்.

மதியம் சாப்பாட்டில் கை வைத்ததும் ஆரம்பித்தான். "இது என்ன வெஞ்சனம்? உப்புமில்ல, ஒறப்புமில்ல. ஒங்கம்மா கைப்பக்குவம் அப்படியே வந்திருக்கு ஒனக்கு."

எந்தக் காலத்திலும் முப்பது நொடிக்குக் குறையாத சரக்கு அது.

"எனக்கும் அப்படித்தாங்க பட்டுச்சு. நாளைக்கு நீங்களே பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?"

ரசம் இறங்கவில்லை.

இரண்டு மணிக்கு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு பீரோவைத் திறந்தான். சின்னாளப்பட்டியில் அரை நாள் அலைந்து அவள் எடுத்த நீலச் சுங்குடிச் சேலை. இன்னும் ஒரு தடவைகூடக் கட்டவில்லை. அதை எடுத்துப்போய் வாசலில் வைத்து பைக்கைத் துடைத்தான். செயின் கவரையும் விடவில்லை.

ஜீவிதா வாசலுக்கு வந்தாள். சேலையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அழகுராஜா பையிலிருந்த போனைத் தொட்டுக்கொண்டான்.

"வண்டி பளபளன்னு ஆயிருச்சுங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இப்போது அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நுஸைபாவிடம் ஓடினான்.

"அக்கா, ஜீவிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"ஏன் தம்பி, என்ன பண்ணுறா?"

"திட்டவே மாட்டேங்குறாக்கா."

"இத ஒரு குறைன்னு சொல்ல வந்தீங்களாக்கும்! எங்க வீட்டுக்காரரு இருபது வருசமா இதுக்குத்தான் துஆ கேட்டுக்கிட்டு இருக்காரு. இன்னும் கபூலாகல, பலிக்கல!" நுஸைபா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு தேவைக்குமேல் கொஞ்சம் நீளம் என்று அவனுக்குப் பட்டது.

நாலே முக்காலுக்கு அடுக்களை வாசலில் போய் நின்றான். ஜீவிதா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜீவி, ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன். என்னையத் திட்டு."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னாலும் சரி."

"காரணமில்லாம எப்படிங்க திட்டுறது? கேக்குறவுக என்னையப் பைத்தியம்னுல்ல நெனப்பாக."

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டவல், தக்காளி, சிலிண்டர், மாமியார், பையிலிருந்த போன், 'கற்பனைதான் மேடம்' வரை. சொல்லி முடித்துவிட்டு, இப்போதாவது வருமா என்று போனை அவள் முன்னால் நீட்டினான்.

"அத உள்ள வைங்க. எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்" என்றாள் ஜீவிதா.

"ரெண்டு மாசமாவா?"

"நுஸைபாக்கா வீட்டுக்கு இடியாப்ப அச்சு வாங்கப் போனேன். டிவியில அந்தக் கெழவி கெணத்துத் தவளைன்னா. அக்கா பிள்ளைக மூணும் டிவியப் பாக்கல, என்னையப் பாக்குதுக."

"அப்ப அதுக்கப்புறமும் திட்டுனியே?"

"கெழவி நல்லா வரணும்ல? அந்தச் சிலிண்டர் திட்டு பொசுக்குனு வாயில வந்துச்சுன்னா நெனச்சீங்க? ரெண்டு நாளு கிளினிக்ல ஒக்காந்து யோசிச்சேன். ஒங்க வம்சத்துக்கு மட்டும் ஒரு வாரம்."

அழகுராஜா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "சரி, இன்னைக்கு மட்டும் ஏன் வாயத் தொறக்கல?"

"நேத்து நீங்க கடைக்குப் போனப்ப மேசையில அந்தக் கதையப் படிச்சேன். அடுத்தவுக கொரலத் திருடுன பயலுக்கு நாப்பது நொடின்னு போட்டிருந்துச்சு. அத ஒங்க கையில குடுக்க எனக்கு மனசு வரல. காலையில நீங்க குளிக்கப் போனப்ப, படத்த ஓடவிட்டு நானே பேசி மேடத்துக்கு அனுப்பிட்டேன்."

"எத... எத நெனச்சுத் திட்டுன?"

"எதையா? இங்க ஒக்காந்திருக்க ஆளத்தான் நெனச்சேன். இன்னும் வந்துச்சு. படத்துல கெழவி வாய மூடிட்டாளேன்னு நிறுத்துனேன்."

"அப்ப நான் காலையிலருந்து பட்ட பாடு? அந்தச் சேலை?"

"சேலைக்குத் தனியா இருக்கு" என்றாள் ஜீவிதா, ஒரு அவரைக்காயை முறித்துக்கொண்டே. "அது டிவிக்கு இல்ல. ஒங்களுக்கு மட்டும்."

போன் அடித்தது. ருக்ஸார் மேடம். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"சார், உங்க வீட்டு மேடம் அனுப்புனதக் கேட்டோம். ஸ்டுடியோவே எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு! அடுத்த சீசன் வசனம் அவங்கதான். மொராபெல்லா குரலும் இனிமே அவங்கதான்."

"அப்ப நான், மேடம்?"

"நீங்க இல்லாம எப்படி சார்? வழக்கம்போலத் தப்பு பண்ணிக்கிட்டே இருங்க, அது போதும்."